நால்வர் மேஜையில் ஜெயிப்பது எப்படி: போட்டி கமாண்டருக்கு டெக் கட்டுவதும் ஆடுவதும்

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு விளையாட்டை இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும்போது கணக்கு எளிது. அவர் ஒரு ஸ்பெல் போடுகிறார், நான் அதை முறிக்கும் ஒரு கவுண்டர் போடுகிறேன். அவர் கையில் ஒன்று குறைந்தது, என் கையிலும் ஒன்று குறைந்தது. சமன். கமாண்டர் என்ற ஆட்ட வகையில் நால்வர் உட்காருகிறோம். அதே கவுண்டரை அதே ஸ்பெல் மேல் போட்டால் எனக்கு ஒன்று போகிறது, அவருக்கு ஒன்று போகிறது, மற்ற இருவருக்கும் ஒன்றும் போவதில்லை. செலவு என்னுடையது, பலன் அவர்களுடையது. டெக்கில் எதை வைப்பது, எந்தக் கையோடு ஆட்டத்தைத் தொடங்குவது, எப்போது தடுப்பது, எப்போது சும்மா இருப்பது என்று போட்டி கமாண்டரில் வரும் கேள்விகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வந்து நிற்கும். இதை மனதில் ஏற்றிக்கொள்ளாமல் இணையத்தில் கிடைக்கும் சிறந்த டெக்கை அப்படியே எடுத்து ஆடினாலும் தோல்விதான் மிஞ்சும்.

விதிகள் உங்களுக்குத் தெரியும் என்றே எழுதுகிறேன். ஒரு நினைவூட்டல் மட்டும்: கமாண்டரையும் (டெக்குக்குத் தலைமை தாங்கும் கார்டு) சேர்த்து 100 கார்டு, அடிப்படை லேண்ட் (மனா தரும் நிலக் கார்டு) தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் கூடாது, 40 உயிர், கமாண்டரின் நிற அடையாளத்துக்கு வெளியே ஒரு கார்டும் வைக்கக் கூடாது. மேஜிக்கை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனம் டெக்கின் வலிமையைப் பிரித்துக் காட்ட 2025 பிப்ரவரியில் அறிமுகம் செய்த ஐந்து படிநிலைகளில் நாம் பேசுவது ஐந்தாவதை. அங்கே யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மூன்றாவது டர்னில் ஆட்டம் முடிந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை.

நான் ஆடுவது டிம்னா, க்ராம் என்ற இரண்டு பார்ட்னர் கமாண்டர்களை வைத்த டெக். பச்சை தவிர நான்கு நிறமும் இருக்கும். ப்ளூ ஃபார்ம் என்று எல்லோரும் அழைப்பது இதைத்தான். என் உதாரணங்கள் அந்தப் பக்கம் சாயும். நீங்கள் வேறு கமாண்டரை வைத்திருந்தாலும் கணக்கு அதேதான்.

முதலில் ஜெயிக்கும் வழி

டெக் கட்டும்போது பலர் பிடித்த கார்டுகளில் தொடங்குகிறார்கள். நீங்கள் முடிவிலிருந்து தொடங்குங்கள். மூன்று பேருக்கும் சேர்த்து 120 உயிர் இருக்கிறது. அதைத் தாக்கித் தாக்கிக் குறைக்க நேரம் கிடைக்காது. ஒரே டர்னில் மூவரையும் முடிக்கும் காம்போ வேண்டும். அது டெக்கில் குறைந்த இடத்தைப் பிடிக்க வேண்டும், குறைந்த மனாவில் (ஸ்பெல் போடச் செலவாகும் சக்தி) முடிய வேண்டும்.

நீலமும் கறுப்பும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்: தாஸாஸ் ஆரக்கிள், டெமானிக் கன்சல்டேஷன். ஆரக்கிளுக்கு இரண்டு நீல மனா, கன்சல்டேஷனுக்கு ஒரு கறுப்பு. மொத்தம் மூன்று மனா, இரண்டு கார்டு. ஆரக்கிள் களத்துக்கு வந்ததும் அதன் ட்ரிகர், அதாவது தானாக எழும் விளைவு, ஸ்டாக்கில் (நிறைவேறக் காத்திருப்பவற்றின் வரிசை) ஏறும்: களத்தில் உங்கள் நீல மனாச் சின்னங்களின் எண்ணிக்கை லைப்ரரியில் மீதியுள்ள கார்டுகளுக்குக் குறையாமல் இருந்தால் நீங்கள் ஜெயிப்பீர்கள். அது நிற்கும்போதே கன்சல்டேஷனைப் போட்டு, டெக்கில் இல்லாத ஒரு கார்டின் பெயரைச் சொல்லுங்கள். லைப்ரரி (இன்னும் எடுக்காத கார்டுகள்) முழுவதும் எக்ஸைல் ஆகிவிடும், அதாவது ஆட்டத்தை விட்டே போய்விடும். ட்ரிகர் நிறைவேறும்போது லைப்ரரியில் பூஜ்யம், நீங்கள் ஜெயித்தாயிற்று. இந்த நிலையில் ஆரக்கிளைக் கொன்றும் பயனில்லை. களத்தில் நீலச் சின்னமே இல்லாமல் எண்ணிக்கை பூஜ்யமானாலும், காலி லைப்ரரிக்கு அந்தப் பூஜ்யம் போதும். இதை அறியாமல் ஆரக்கிள் மேல் கொல்லும் ஸ்பெல்லை வீணாக்குகிறவர்களை இன்றும் பார்க்கிறேன்.

சிவப்பு இருந்தால் இரண்டாவது வழி அண்டர்வேர்ல்ட் ப்ரீச். கிரேவ்யார்டில் (பயன்படுத்திய கார்டுகளின் குவியல்) கிடப்பதை, அங்கிருக்கும் வேறு மூன்று கார்டை எக்ஸைல் செய்து மறுபடி போட விடுவது அது. அதோடு லயன்ஸ் ஐ டயமண்ட், ப்ரெய்ன் ஃப்ரீஸ். டயமண்டை உடைத்து மூன்று நீல மனா எடுக்க வேண்டும், ப்ரெய்ன் ஃப்ரீஸை கிரேவ்யார்டிலிருந்து போட்டு உங்கள் லைப்ரரியையே கிரேவ்யார்டுக்குக் கொட்ட வேண்டும், அதில் ஆறு கார்டை எக்ஸைல் செய்து டயமண்டையும் ஃப்ரீஸையும் மறுபடி போட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டார்ம் எண்ணிக்கை (அந்த டர்னில் அதற்கு முன் போட்ட ஸ்பெல்கள்) ஏறுவதால் கொட்டும் கார்டும் ஏறும், ஒரு மனாவும் மிஞ்சும். லைப்ரரி தீர்ந்ததும் ஆரக்கிளைப் போட்டு முடிக்கலாம். ஆரக்கிளும் ப்ரீச்சும் 2020இல் ஒரே செட்டில் வந்தவை. இன்னும் இவற்றை விடச் சுருக்கமான ஜோடி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வழியும் ஒரே டெக்கில் இருப்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு. ஒன்றை அடைக்கும் கார்டு பல நேரம் மற்றதை அடைக்காது. ட்ரானித் மாஜிஸ்ட்ரேட் மேஜையில் இருந்தால் ப்ரீச் செத்தது, ஏனென்றால் கையைத் தவிர வேறெங்கிருந்தும் ஸ்பெல் போட முடியாது. ஆரக்கிள் கையிலிருந்து வருவது, அதற்குத் தடையில்லை.

ஒரு கார்டு, மூன்று பேர்

ஒரு கவுண்டர் ஒருவரை மட்டுமே தொடுகிறது என்றேன். அப்படியானால் மூவரையும் ஒரே நேரத்தில் தொடும் கார்டுகள்தான் டெக்கின் முதுகெலும்பாக இருக்க வேண்டும். ரிஸ்டிக் ஸ்டடி 2000இல் வந்தபோது இருவர் ஆட்டத்தில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. எதிரி ஸ்பெல் போடும்போதெல்லாம் கூடுதலாக ஒரு மனா கட்டாவிட்டால் அது உங்களுக்கு ஒரு கார்டு தரும். நால்வர் மேஜையில் அது ஒரு சுற்றுக்கு மூன்று டர்ன் உங்களுக்காக உழைக்கிறது. மிஸ்டிக் ரெமோராவும் அப்படித்தான்: ஒரு நீல மனாவுக்கு முதல் டர்னில் போட்டு, இரண்டு மூன்று சுற்று வாடகை கட்டினாலே போட்டதைப் போல பல மடங்கு எடுத்துவிடலாம். எஸ்பர் சென்டினல், ஸ்மதரிங் டைத் எல்லாம் இதே ஜாதி. என் டிம்னாவும் அப்படித்தான்: அந்த டர்னில் சண்டையில் காயம்பட்ட எதிரிகள் எத்தனை பேரோ அத்தனை உயிரைக் கட்டி, அத்தனை கார்டு எடுக்கலாம். அதனால் சின்னச் சின்ன ஜீவிகளை ஒரே ஆள் மேல் அனுப்பாமல் ஆளுக்கொன்றாகப் பிரித்து அனுப்புவேன். தாக்குதலின் நோக்கமே கார்டு, உயிர் அல்ல.

எல்லோரையும் கட்டுப்படுத்தி ஆட்டத்தை மெதுவாக்கும் ஸ்டாக்ஸ் டெக்குகள் இதே கணக்கின் மறுபக்கம். ரூல் ஆஃப் லா இருந்தால் எல்லோருக்கும் டர்னுக்கு ஒரு ஸ்பெல்தான். ஆரக்கிளுக்கும் கன்சல்டேஷனுக்கும் இரண்டு ஸ்பெல் வேண்டும், அவ்வளவுதான். ஆர்ட்டிஃபாக்ட் கார்டுகளை இயக்க விடாத கலெக்டர் ஊஃப் வந்துவிட்டால் சோல் ரிங்கும் மனா வால்ட்டும் அலங்காரப் பொருள்கள். ஒரே கார்டு மூன்று பேரைக் கட்டிப்போடுகிறது. உங்கள் டெக் அந்தக் கட்டுக்குள் சுகமாக ஓடும்படி இருந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

டர்போ டெக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாரும் கவுண்டர் வைத்திருக்கும் முன்பே முடிப்பது அவற்றின் வேலை. ரோக்ராக், சைலஸ் ரென் ஜோடி அதற்கு நல்ல உதாரணம். 2024 செப்டம்பர் 23 அன்று மனா க்ரிப்ட், ஜுவல்ட் லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட் மூன்றும் தடை செய்யப்பட்ட பிறகு இந்த வழியின் வேகம் குறைந்தது. நாடு என்ற பறவைக் கார்டும் அதே நாளில்தான் போனது. இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் மிட்ரேஞ்சைத்தான் சொல்வேன், ஏனென்றால் மேஜையைப் படிக்கக் கற்றுத் தருவது அதுதான்.

எண்கள்

என் டெக்கில் 27 லேண்ட். பழக்கமில்லாதவர்களுக்கு இது மிகக் குறைவாகத் தெரியும். ஒரே கமாண்டர் என்றால் 99 கார்டில் 28 லேண்ட் வைத்தால் ஏழு கார்டுக் கையில் சராசரியாக இரண்டு வரும். அதோடு சோல் ரிங், மனா வால்ட், க்ரோம் மாக்ஸ், மாக்ஸ் டயமண்ட், லோட்டஸ் பெடல் போன்ற வேக மனா ஒரு பன்னிரண்டு இருந்தால், முதல் கையில் அவற்றில் ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு 61 சதவீதம். இதைப் பதினைந்தாக உயர்த்தினால் 70. எதைச் சேர்ப்பது எதை எடுப்பது என்று தடுமாறும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹைப்பர்ஜியோமெட்ரிக் கால்குலேட்டர் என்று தேடினால் கிடைக்கும். குறிப்பிட்ட ஒரு கார்டு முதல் கையில் வரும் வாய்ப்பு 7 சதவீதம்தான். அதனால்தான் வேண்டிய கார்டை டெக்கில் தேடி எடுக்கும் டியூட்டர்கள்: டெமானிக், வேம்பயரிக், மிஸ்டிகல், எல்லாமே வேண்டும்.

ஒவ்வொரு கார்டின் மனா மதிப்பு அளவுக்கு உயிரை இழந்து விரும்பும்வரை கார்டு எடுக்க விடும் ஆட் நாசியம் வைப்பதாக இருந்தால் டெக்கின் சராசரி மனா மதிப்பைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். லேண்டைப் பூஜ்யமாகச் சேர்த்து சராசரி 1.5 என்றால் 40 உயிருக்கு ஏறக்குறைய 26 கார்டு. ஐந்து மனா கார்டு ஒன்று நடுவில் வந்தால் மூன்று கார்டு போனதாகக் கணக்கு.

தடுப்புக் கார்டுகள் இருபதை ஒட்டி இருக்கட்டும். அவற்றில் எத்தனை இலவசம் என்று பாருங்கள். ஃபோர்ஸ் ஆஃப் வில்லுக்கு ஒரு உயிரும் ஒரு நீலக் கார்டும் போதும். ஃபியர்ஸ் கார்டியன்ஷிப்பும் டிஃப்ளெக்டிங் ஸ்வாட்டும் உங்கள் கமாண்டர் களத்தில் இருந்தால் காசில்லாமல் வரும். க்ராமுக்கு ஐந்து மனா, டிம்னாவுக்கு மூன்று. நான் டிம்னாவை அவசரமாக இறக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விலை பற்றி ஒரு வார்த்தை. லயன்ஸ் ஐ டயமண்டும் மாக்ஸ் டயமண்டும் மறு அச்சு இல்லை என்று நிறுவனம் வாக்குக் கொடுத்த பட்டியலில் இருப்பவை, விலை எளிதில் இறங்காது. இந்தப் பிரிவில் ஆடும் குழுக்கள் பல ப்ராக்ஸியை (நாமே அச்சிட்ட மாற்றுக் கார்டு) அனுமதிக்கின்றன. நிறுவனத்தின் அதிகாரபூர்வப் போட்டிகளில் அது செல்லாது. முதலில் ப்ராக்ஸி அச்சிட்டு ஆடிப் பாருங்கள். பணம் இருப்பவர் ஜெயிக்கும் ஆட்டமாக இது ஆகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

எந்தக் கையை வைத்துக்கொள்வது

முதல் முல்லிகன் (கையைத் திருப்பிக் கொடுத்துப் புதுக் கை எடுப்பது) இலவசம். அதைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். இரண்டாவதிலிருந்து ஏழு எடுத்து ஒன்றை அடியில் வைக்க வேண்டும், அதுவும் பெரிய இழப்பல்ல. கையைப் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இரண்டாவது டர்ன் முடியும்போது இந்தக் கை மேஜையில் என்ன செய்திருக்கும்? “லேண்ட் போட்டிருப்பேன், ஏதாவது வரும்” என்பது பதிலானால் திருப்பிக் கொடுங்கள்.

இரண்டு லேண்ட், சோல் ரிங், ரிஸ்டிக் ஸ்டடி, ஸ்வான் சாங், ஃபோர்ஸ் ஆஃப் வில், இன்னொரு நீலக் கார்டு. இது வைக்க வேண்டிய கை. மூன்று லேண்ட், ஆரக்கிள், கன்சல்டேஷன், இரண்டு பெரிய ஸ்பெல். கண்ணைக் கவரும், ஆனால் நான் வைக்க மாட்டேன். மூன்றாவது டர்னில் பாதுகாப்பே இல்லாமல் முயல வேண்டியிருக்கும், மூன்று பேரில் ஒருவரிடமாவது கவுண்டர் இருக்கும்.

நாற்காலியும் முக்கியம். நால்வர் ஆட்டத்தில் முதலில் ஆடுபவரும் முதல் டர்னில் கார்டு எடுக்கிறார், அதாவது முதல் நாற்காலிக்கு எந்த அபராதமும் இல்லை. அங்கே உட்கார்ந்தால் வேகமான கையைத் தேடுங்கள். நான்காவதில் உட்கார்ந்தால் மூன்று பேர் உங்களுக்கு முன் ஆடியிருப்பார்கள். இலவசத் தடுப்பு ஒன்றாவது வேண்டும். ஜெம்ஸ்டோன் கேவர்ன்ஸ் முதல் நாற்காலியில் இல்லாதவர்களுக்கென்றே செய்த கார்டு.

பிரியாரிட்டி: ஆட்டம் உண்மையில் நடக்கும் இடம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

ஒருவர் தன் டர்னில் கன்சல்டேஷனைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இடப்பக்கம் இருப்பவருக்கு முதலில் பிரியாரிட்டி, அதாவது பதிலுக்குக் கார்டு போடும் வாய்ப்பு, வருகிறது, பிறகு அடுத்தவர், கடைசியாக அவருக்கு வலப்பக்கம் இருப்பவர். முதல் இருவரும் பாஸ் செய்தால் மூன்றாமவர்தான் கடைசிக் கதவு. அவரும் பாஸ் செய்தால் ஆட்டம் முடிந்தது. கையில் கவுண்டர் வைத்திருக்கும் முதல் ஆள் அதைக் காட்டாமல் பாஸ் செய்து, செலவைக் கடைசி ஆள் தலையில் கட்டலாம். இதிலிருந்து எல்லா மேஜைக்கும் பொருந்தும் ஒரு விதி கிடைக்கிறது: உங்களுக்கு அடுத்து ஆடுகிறவர், அதாவது உங்கள் இடப்பக்கத்தவர், ஜெயிக்க முயலும்போது கடைசிக் கதவு நீங்கள்தான். உங்களுக்கு முன் ஆடுகிறவர் முயலும்போது நீங்கள்தான் முதல் கதவு. எனவே ஆட்டம் தொடங்கும் முன்பே இடப்பக்கத்தவரின் கமாண்டரை நன்றாகப் படியுங்கள். அது கின்னன் என்றால் பஸால்ட் மோனோலித் எப்போது வருகிறது என்று பாருங்கள், அந்த இரண்டும் சேர்ந்தால் முடிவில்லாத மனா. மாக்டா என்றால் ட்ரெஷர் ஐந்தை எட்டுகிறதா என்று எண்ணுங்கள். அவருக்கென்று ஒரு தடுப்பை எப்போதும் ஒதுக்கி வையுங்கள், வேறு யார் முயன்றாலும் அதைத் தொடாதீர்கள், முடிந்தவரை.

நீங்கள் ஜெயிக்க முயலும்போது இதையே திருப்பிப் போடுங்கள். உங்கள் வலப்பக்கத்தவர்தான் கடைசிக் கதவு. அவர் தன் டர்னில் மனாவை எல்லாம் செலவழித்து உட்கார்ந்திருந்தால், கையில் இரண்டே கார்டு இருந்தால், அந்தக் கதவு பாதி திறந்திருக்கிறது.

முதல் ஆள் பாஸ் செய்வது எப்போதும் சுயநலமல்ல. கடைசி ஆள் ஸ்வான் சாங் போடுகிறார், முயல்பவர் அதன் மேல் ஃபோர்ஸ் ஆஃப் வில் போடுகிறார் என்றால், பிரியாரிட்டி மறுபடி சுற்றி வரும். முன்பு பாஸ் செய்தவர் இப்போது அந்த ஃபோர்ஸைத் தடுக்கலாம். கடைசி ஆளிடம் நீலமும் திறந்த மனாவும் இருக்கிறது என்று தெரிந்தால் பாஸ் செய்யுங்கள். வினோட்டா போல வெள்ளை–சிவப்பு டெக் கடைசியில் உட்கார்ந்திருந்தால் நீங்களே போடுங்கள், அவரை நம்பி ஆட்டத்தை இழக்காதீர்கள்.

எந்த ஸ்பெல்லைத் தடுப்பது என்பதும் கையைப் பொறுத்தது. ஆரக்கிள் ஒரு ஜீவி. ஸ்வான் சாங், ஃப்ளஸ்டர்ஸ்டார்ம், ஃபியர்ஸ் கார்டியன்ஷிப் எதுவும் அதைத் தொடாது, கன்சல்டேஷனைத்தான் தொடும். ஃபோர்ஸ் ஆஃப் வில்லும் மனா ட்ரெய்னும் இரண்டையும் தொடும். கன்சல்டேஷன் நிறைவேறி லைப்ரரி காலியான பிறகும் ஒரு சிறு ஜன்னல் உண்டு: ட்ரிகர் ஸ்டாக்கில் இருக்கும்போது அவரை ஒரு கார்டு எடுக்க வைத்தால் காலி லைப்ரரியிலிருந்து எடுக்கப் போய் அவர் தோற்றுவிடுவார்.

ரிஸ்டிக் ஸ்டடி மேஜைக்கு வரும்போது அதைத் தடுக்க வேண்டுமா? அது மூவரையும் பாதிக்கிறது, தடுக்கும் செலவு என் ஒருவனுடையது. அடுத்த டர்னில் நானே ஜெயிக்கப் போகிறேன் என்றால் ஒழிய நான் தடுப்பதில்லை. ஆனால் வந்த பிறகு அந்த ஒரு மனாவைக் கட்டுகிறேன், மற்றவர்களையும் கட்டச் சொல்கிறேன். மூவரில் ஒருவர் கட்டாமல் போனால் மற்ற இருவரும் கட்டியது வீண். இதை மேஜையில் வெளிப்படையாகச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

எப்போது முயல்வது

முதலில் முயல்பவர் மற்றவர்களின் கவுண்டர்களை இழுத்து வெளியே கொண்டுவருகிறார். இரண்டாவதாக முயல்பவர் காலியான மேஜையில் நடக்கிறார். ஒருவரின் முயற்சி மூன்று நான்கு கார்டு செலவில் தடுக்கப்பட்ட அடுத்த டர்ன்தான் நான் காத்திருக்கும் நேரம். அதற்காகவே ஒவ்வொருவர் கையிலும் எத்தனை கார்டு, அதில் டியூட்டரால் வந்தவை எவை, யார் எத்தனை நீல மனா திறந்து வைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டே இருங்கள்.

பாதுகாப்பும் மூவர் மேலும் விழுவதாக இருக்கட்டும். சைலன்ஸ் ஒரே வெள்ளை மனாவில் மூவர் வாயையும் அந்த டர்ன் முழுக்க அடைக்கிறது. அதையே அவர்கள் தடுக்கப் பார்ப்பார்கள். தடுத்தால் ஒரு மனாவுக்கு ஒரு கவுண்டரை வாங்கிவிட்டீர்கள். பேக்ட் ஆஃப் நெகேஷனை அந்த டர்னிலேயே ஜெயிக்கும்போது மட்டும் போடுங்கள். உங்கள் அடுத்த டர்னின் தொடக்கமான அப்கீப்பில் ஐந்து மனா கட்டாவிட்டால் நீங்கள்தான் வெளியே.

ஆட் நாசியம் இன்ஸ்டன்ட், அதாவது யார் டர்னிலும் போடக்கூடியது, என்பதை மறக்க வேண்டாம். உங்கள் வலப்பக்கத்தவரின் டர்ன் முடியும் எண்ட் ஸ்டெப்பில் போட்டு, கை நிறைய கார்டோடு உங்கள் டர்னில் மனாவை எல்லாம் நிமிர்த்திக்கொண்டு தொடங்கலாம். உங்கள் டர்ன் அல்ல என்பதால் ஏழுக்கு மேற்பட்டதைக் கழிக்கவும் வேண்டாம்.

பேச்சு

நால்வர் மேஜையில் பேச்சும் ஒரு வளம். கையில் இருப்பதைக் காட்டலாம், உடன்பாடு செய்யலாம், விதி தடுக்கவில்லை. உடன்பாட்டைக் காப்பாற்றும்படி விதி கட்டாயப்படுத்துவதும் இல்லை. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவேன், அது எனக்குப் பாதகமாகப் போனாலும். ஒரே ஆட்களோடு பல சுற்று உட்காரப்போகிறோம், நம்பகமானவர் என்ற பெயர் எந்த டியூட்டரை விடவும் வேலை செய்யும். வாக்குறுதி தரும்போது குறுகலாகத் தாருங்கள்: “இந்த டர்ன் உங்கள் ஸ்டடியைத் தொட மாட்டேன்” என்பது போல, முடிவு தேதியோடு.

பல போட்டிகளில் வெற்றிக்கு 5 புள்ளி, டிராவுக்கு 1. நீங்கள் ஜெயிக்கவே முடியாமல், யார் ஜெயிப்பது என்று மட்டும் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டால் டிராவை முன்மொழியுங்கள். அது கோழைத்தனமல்ல, அந்த 1 புள்ளி கடைசிச் சுற்றில் உங்களை மேலே கொண்டு போகலாம். ஆனால் ஜெயிக்க ஒரு உண்மையான வழி இருக்கும்வரை டிராவை ஏற்காதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் உடனே கார்டுகளைக் கலைக்க விடாதீர்கள். தோற்றவர்கள் கையில் கடைசியில் என்ன இருந்தது என்று கேளுங்கள், பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். யாரிடம் கவுண்டர் இருக்கிறது என்று நினைத்து நீங்கள் பாஸ் செய்தீர்களோ, அவரிடம் அது இருந்ததா? இல்லையென்றால் அவர் மேஜையில் காட்டிய எந்த அடையாளம் உங்களை அப்படி நினைக்க வைத்தது? அதை டெக் பெட்டியில் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் போட்டுக்கொண்டு அடுத்த சுற்றுக்கு உட்காருங்கள்.